டுவேனின் பன்றிப்பட்டிக்கு இடம் மாறிய பள்ளிக்கூடம்

ஆகஸ்ட் 11, ஞாயிறு, மாலை ஆறேகால் மணி. ஊரில் மிச்சமிருக்கும் பழைய மாணவர்கள் எட்டுப் பேர். பள்ளிக்கூடம் இருந்த இடம் தெரிந்தவர்கள் பூஜ்யம்.

அன்புள்ள ஆர்டிஸ் அத்தைக்கு,

கோல்பி வணக்கத்துடன் எழுதுவது. அரிசோனா வெயிலில் உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என நம்புகிறேன். இங்கே சோளம் நன்றாக இருக்கிறது, அப்பா நன்றாக இருக்கிறார், நான்தான் நன்றாக இல்லை.

நீங்கள் படித்த ஓரறைப் பள்ளிக்கூடம் நின்ற இடத்தில் நினைவுக்கல் பதிக்க வேண்டும், நீதான் சர்வேயர் ஆயிற்றே என்று உங்களோடு படித்த லவான் அம்மா கேட்டார். பழைய மாணவர்கள் ஞாயிறுதோறும் கூடிச் சாப்பிடும் ஓக் மரத்தடிக்குப் போனேன். மரத்துக்குக் கிழக்கு என்று நாலு பேர், மேற்கு என்று நாலு பேர். எனக்குப் பொறுமை இல்லை. பழைய பத்திரத்தில் உள்ள சர்வே கல்லிலிருந்து அளந்தேன். பள்ளிக்கூடம் மரத்திலிருந்து இருநூறு கெஜம் தள்ளி, அந்த எட்டுப் பேரில் ஒருவரான டுவேனின் பன்றிப்பட்டிக்குள் வந்து நின்றது. விருந்தின் நடுவில் எழுந்து, "நீங்க எல்லாருமே தப்பு" என்று அறிவித்தேன்.

லவான் அம்மா சிரித்தார். "அப்படியா தம்பி, நல்லா அளந்திருக்கே. இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு சாலட் போட்டுக்கோ." நம் ஊரில் இதற்குக் கன்னத்தில் அறைந்ததாக அர்த்தம். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை, சாலட்டைப் போட்டுக்கொண்டேன்.

படித்த பையன் மனம் நோகக் கூடாதென்று அடுத்த வாரமே நாற்காலிகளைப் பன்றிப்பட்டிக்கு மாற்றிவிட்டார்கள். அதோடு விட்டார்களா? மூன்றே வாரத்தில் ஞாபகங்களும் அங்கே குடியேறிவிட்டன.

"பன்னி உறுமுற சத்தத்துல டீச்சரம்மாவுக்குக் கணக்கே ஓடாது" என்றார் டுவேன்.

"அப்ப உங்கப்பா பன்னியே வளக்கலையே, டுவேன்!" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர்.

"வளக்கலைதான். ஆனா சத்தம் காதுலயே இருக்கே."

நேற்று சாலைப்பணி மேஸ்திரி காபி குடித்துக்கொண்டே சொல்கிறார்: "அந்த சர்வே கல்லா? ரோட்டை அகலப்படுத்துனப்ப நாங்கதான் தூக்கித் தள்ளி வெச்சோம். யாரும் கேக்கல, நானும் சொல்லல." எங்கிருந்து தூக்கினார் என்பது அவருக்கே தெரியாது.

லவான் அம்மாவிடம் ஓடினேன். "என்னை மன்னிச்சிடுங்க, நான் அளந்தது தப்பு. மரத்துக்கு எந்தப் பக்கம்னு சொன்னீங்க?"

"மரமா? அங்க நிழலுக்குத்தானே போவோம்! பள்ளிக்கூடம் பட்டிக்குள்ளதான்பா. அந்தப் படியில விழுந்துதான் என் பல்லு போச்சு, கண்ணு முன்னாடியே நிக்குது."

அத்தை, எட்டுப் பேரின் ஞாபகத்தையும் நானே கெடுத்துவிட்டேன். நினைவுக்கல்லுக்காகச் சனிக்கிழமை பட்டியில் கான்கிரீட் ஊற்றுகிறார்கள். கெடாமல் மிச்சமிருப்பது உங்கள் ஞாபகம் ஒன்றுதான். இடத்தை உடனே வரைந்து அனுப்புங்கள்.

அத்தைக்கும் பூனைக்கும் என் அன்பு.

கோல்பி

பி.கு.: எழுதியதை இப்போதுதான் படித்துப் பார்த்தேன். மரம், பட்டி, படி எல்லாவற்றையும் உங்களிடமும் கொட்டிவிட்டேன். இதைப் படித்தால் ஞாபகம் கெட்டவர்களில் நீங்கள் ஒன்பதாவது ஆள். ஆகவே:

1. இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடுகிறேன்.
2. "அத்தை, பள்ளிக்கூடம் எங்கே இருந்தது?" என்று மட்டும் எழுதி வேறொன்று அனுப்புகிறேன்.
3. பதில் வரும்வரை கான்கிரீட் வண்டியின் சாவி என் சட்டைப் பையில் இருக்கும்.
4. நீங்கள் காட்டும் இடம் எதுவானாலும் அங்கேதான் கல். அளக்க மாட்டேன்.