நாலு விரல் உயரம்

இந்த உலகத்தில் வாகனங்களை மேலிருந்து பார்க்கத் தெரியாத ஒரே டிரைவர் எங்கள் நாலுவிரல்தான். நிறம், பளபளப்பு, மெத்தை இருக்கை எதுவும் அவர் கண்ணில் படாது. எந்த வண்டி வந்து நின்றாலும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் மல்லாந்து படுத்துவிடுவார். தலை வண்டிக்கு அடியில் போகும். நாலு விரலைச் சேர்த்து நீட்டி, தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் நடுவில் எத்தனை விரல் இடம் இருக்கிறது என்று அளப்பார். பிறகு எழுந்து, முதுகுச் சேற்றைக்கூடத் தட்டாமல் தீர்ப்புச் சொல்வார்.

"பத்தாது."

கல்யாணப் பெண் ஏறிவந்த காருக்கும் அதே தீர்ப்புத்தான். மாப்பிள்ளை வீட்டார் சீர் பத்தாது என்கிறார்கள் என்று நினைத்துப் பெண்ணின் தாய்மாமன் சண்டைக்கு வந்துவிட்டார்.

இலங்கை மலையகத்தில், தெல்தோட்டையிலிருந்து ஹேவாஹெட்டப் பக்கமாக மலையேறினால் வரும் தேயிலைத் தோட்டம் ஒன்றில்தான் எனக்கு முதல் ஆசிரியர் வேலை கிடைத்தது. பள்ளிக்கூடம் இருந்தது தோட்டத்தின் உச்சியில், மேல்கணக்கு என்ற மேல்பிரிவில். பஸ் கீழேயே நின்றுவிடும். அதற்கு மேல் நாலு மைல் தூரம் கல்லும் சேறும். அந்தப் பாதையில் ஏறக்கூடிய ஒரே வாகனம் நாலுவிரலின் பழைய ஜீப். வருடத்தில் பாதி நாள் மழை. மீதி நாள் மழை வரப்போகிற மாதிரி மூட்டம். அந்த ஈரத்தில் அவர் முகமும் ஊறிப்போயிருந்தது. அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

முதல் நாள் அவர் பட்டப்பெயரைக் கேட்டதும் கையைத்தான் பார்த்தேன். இரண்டு கையிலும் ஐந்தைந்தாகப் பத்து விரலும் இருந்தன.

ஒருமுறை கல்வி அதிகாரி ஒருவர் எங்கள் பள்ளிக்கூடத்தைப் பார்க்கக் காரில் வந்தார். நல்ல ஆகிருதி. கீழே பஸ் நிற்குமிடத்தில் கார் நின்றதும் நாலுவிரல் வழக்கம்போல அடியில் புகுந்துவிட்டார். அதிகாரி பதறிப்போய் இறங்கினார்.

"என்னப்பா, எண்ணெய் ஒழுகுதா?"

"ஒழுகலீங்க ஐயா. ஆனா இந்த வயித்த வச்சுக்கிட்டு மேல வர ஏலாது. நடுவுல தட்டிரும்."

அதிகாரி தன் கோட்டுப் பொத்தானைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தைப் பார்க்காமலே திரும்பிப் போனார். எங்களுக்கு வரவேண்டிய கரும்பலகை அதோடு வராமல் போயிற்று.

ஜீப்பின் முன் இருக்கையில் வேறு யாரும் உட்கார முடியாது. அது முத்தையாவின் இடம். முத்தையா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர், அதிகம் பேசமாட்டார். பாதி வழியில், ஒரு கொண்டை ஊசி வளைவில், பாதையின் குறுக்கே முதலை முதுகுபோல ஒரு பாறை நீட்டிக்கொண்டிருக்கும். அங்கே எல்லோரையும் இறக்கி, வெறும் ஜீப்பை ஒரு பக்கமாகச் சாய்த்துச் சாய்த்துத்தான் நாலுவிரல் ஓட்டிக் கடப்பார். ஒருநாள் அவர் வாளியை எடுத்துக்கொண்டு ரேடியேட்டருக்குத் தண்ணீர் மொள்ளப் போனபோது நான் முத்தையாவிடம் கேட்டேன்.

"இந்தப் பாறைய ஒடைச்சிட்டா என்ன?"

"ஒடைச்சா பாதை முழுசும் பள்ளத்துல போயிரும் சேர். கீழ்ச்சுவரு இது மேலதான் நிக்குது." பாறையைப் பார்த்தபடியே சொன்னார். "எம் பொஞ்சாதி போன ஜீப்பு இங்கதான் சேர் நின்னு போச்சு. நெறமாசம். வலி கண்டு இந்த அண்ணன் ஜீப்புலதான் ஏத்துனோம். எறக்கி ஏத்துற நெலமையில அவ இல்ல. அப்படியே ஓட்டுனாரு. பின்னச்சு நடுவுல இருக்குற இரும்பு உருண்டை பாறையில ஒக்காந்துருச்சு. பின்சில்லு ரெண்டும் காத்துல சுத்துது. கம்பளியில கட்டித் தூக்கிக்கிட்டு ஓடுனோம். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் மூச்சு இருந்துச்சு."

அன்று கொட்டும் மழையில் நாலுவிரல் அடியில் படுத்து அளந்தாராம். நாலு விரல் குறைச்சல். அன்று படுத்தவர்தான், பிறகு எந்த வண்டியைக் கண்டாலும் படுக்க ஆரம்பித்தார். தோட்டம் அதைப் பார்த்துச் சிரித்தது. நானும் அதுவரை சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

பிலிமத்தலாவையில் டயர்க்கடை வைத்திருந்த ஹாஜியாரிடமிருந்து ஒருநாள் தகவல் வந்தது. நாலுவிரல் கேட்டிருந்த பெரிய டயர் வந்திருக்கிறதாம். சனிக்கிழமை கண்டிக்குப் போகவிருந்த நானும் ஜீப்பில் தொற்றிக்கொண்டேன். முத்தையா முன்னால்.

ஹாஜியார் ஜீப்பைச் சுற்றிவந்து ரிம்மைத் தட்டிப் பார்த்தார்.

"இது கம்பனியில வந்த ரிம்தானே? அகலம் பத்தாது தம்பி. நீங்க கேக்குற சைஸ இதுல போட்டா டயர் பிதுங்கிக்கிட்டு நிக்கும். வளைவுல கழண்டாலும் கழண்டுரும். ரிம்மையும் மாத்துங்க."

"அகல ரிம்மு போட்டா சில்லு வெளிய தள்ளிக்கிட்டு நிக்கும் ஹாஜியார். எம் பழைய பேரிங்கு தாங்காது. இந்த ரிம்முதான். இதுல எது பெருசா ஒக்காருமோ அதப் போடுங்க. நாலு விரல் ஒசரணும்."

ஹாஜியார் ஒரு டயரை உருட்டிவந்து பழைய டயருக்குப் பக்கத்தில் நிறுத்தினார். சரியாக நாலு விரல் உயரம் கூட. நாலுவிரல் அதைத் தடவிய விதம், நெடுநாள் கழித்து ஊர் திரும்பிய பிள்ளையின் தலையைத் தடவுவதுபோல இருந்தது.

"பொறுங்க" என்றார் ஹாஜியார். சோக்கட்டியை எடுத்துச் சீமெந்துத் தரையில் ஒரு வட்டம் வரைந்தார். அதே அடிக்கோட்டில் அதைச் சுற்றி இன்னொரு பெரிய வட்டம். இரண்டுக்கும் நடுப்புள்ளி வைத்தார். "பாருங்க. டயர் நாலு விரல் பெருசு. ஆனா அச்சு ஈக்குறது நடுவுல. அது ரெண்டு விரல்தான் ஒசரும். மத்த ரெண்டு விரலும் மேல மட்காட்டுப் பக்கம் போயிரும்."

நாலுவிரல் தரையில் குந்தி அந்த வட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேல எனக்கு எதுக்கு ஹாஜியார்? மேல வானந்தானே இருக்கு."

"அது டயர் செஞ்சவன் குத்தம் இல்ல தம்பி. வட்டத்தோட குணம்."

"அந்த ரெண்டு விரலையும் கீழயே தள்ளுற மாதிரி டயர் வராதா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். முத்தையா சிரிக்கவில்லை. "போடுங்கண்ணே" என்றார். "ரெண்டு விரல்னாலும் ரெண்டு விரல்தானே."

போட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் துன்பம் தொடங்கியது. ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினால் டயர் மட்காட்டில் உரசி, ஆட்டுக்கல்லில் அரிசிக்குப் பதில் ஆணியைப் போட்டு ஆட்டுவதுபோலச் சத்தம் போடும். நாலுவிரல் இரும்பறுக்கும் வாளால் மட்காட்டை அறுத்தார். அறுத்த வழியே சேறு மேலே பாய்ந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேரும்போது ஆசிரியர் யார், உழுத மாடு எது என்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. ஜீப் உயர்ந்ததால் கிழவிகளுக்குக் கால் எட்டவில்லை. ஏறுவதற்கென்று ஒரு தேயிலைப் பெட்டி கூடவே பயணம் செய்தது. வேகமானி உண்மையைவிடக் குறைத்துக் காட்ட ஆரம்பித்தது. வேகமாகப் போகிறீர்களே என்று நான் கத்தினால், "நான் பொய் சொல்லலியே சேர், முள்ளைப் பாருங்க" என்பார்.

பாறை வளைவில் மட்டும் ஒன்றும் மாறவில்லை. பழையபடி எல்லோரையும் இறக்கி, ஓரமாகச் சாய்த்துத்தான் ஓட்டினார். ஆட்களோடு நேராக ஏற்றிப் பார்க்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. "ரெண்டு விரல் இன்னும் கொறையுது சேர்" என்பார்.

ஐப்பசி மழையில் ஒரு பகல், பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருக்கும்போது தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து கூச்சல் கேட்டது. என் வகுப்புப் பையன் ஒருவனின் தாய்க்குப் பிரசவ வலி. இரத்தமும் போக ஆரம்பித்துவிட்டது. ஜீப்பின் பின்னால் கம்பளியை விரித்து அவளைப் படுக்கவைத்தோம். மருத்துவச்சியும் நானும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டோம். நாலுவிரல் ஓட்டினார். வளைவு வந்ததும் பிரேக்கை அழுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். வலப்பக்கக் கரை மழையில் இடிந்துபோயிருந்தது. சாய்த்து ஓட்ட இனி ஓரம் இல்லை. பின்னால் அந்தப் பெண் முனகினாள். அவளை இறக்க முடியாது.

முன் இருக்கையிலிருந்து முத்தையா இறங்கினார். சட்டை வேட்டியோடு பாறைக்குப் பக்கத்தில் சேற்றில் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்தார்.

"நேரா வாங்கண்ணே. நான் பாத்துக்கிறேன்."

"முத்தையா, ஏலாதுடா."

"வாங்கண்ணே!"

ஜீப் ஊர்ந்தது. முன்சில்லு பாறையில் ஏறி இறங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். இரும்பு பாறையில் உரசும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். மழைச் சத்தம்தான் கேட்டது. பிறகு கீழிருந்து முத்தையாவின் குரல். "போகுது... போகுது... போயிருச்சுண்ணே!"

அவர் சேறு வழிய ஓடிவந்து ஏறினார். மூச்சு வாங்கியது. "ஒரு விரல் எடம் மிச்சம் இருந்துச்சு. விட்டுப் பாத்தேன்" என்றார்.

பெண் குழந்தை. தாயும் பிழைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குள்ளிருந்து செய்தி வந்ததும் நான் வெளியே ஓடினேன். நாலுவிரல் ஜீப்பின் படியில் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். செய்தியைச் சொன்னேன். தலையை ஆட்டினார்.

"ரெண்டு விரல் ஒசந்துச்சு. ஒரு விரல் மிச்சம் இருந்துச்சுங்கிறான்" என்றார். "அப்ப அன்னைக்குக் கொறைஞ்சது ஒரு விரல்தான் சேர். கை நடுக்கத்துல நாலுன்னு அளந்துட்டேன். ஒரு விரல்னு தெரிஞ்சிருந்தா ரெண்டு பேர எறக்கிட்டு, டயருக்கு அடியில தட்டைக் கல்லு ரெண்டு போட்டே ஏத்தியிருப்பேன்."

முத்தையா குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒண்ணோ, நாலோ. அன்னைக்கு எங்க லயத்துக்கு வண்டியோட வந்தது நீங்க ஒரு ஆள்தாண்ணே."

இருவரும் மழை விடும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு அவர் எந்த வண்டிக்கு அடியிலும் படுக்கவில்லை. தோட்டத்துக்குப் புது லொறி வந்த அன்று ஊரே கூடி அவர் எப்போது படுப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தது. அவர் லொறியைத் தாண்டிப் போய்ப் பீடி பற்றவைத்தார். சிரிக்கவென்று வந்தவர்கள் ஆளுக்கொரு பக்கமாகக் கலைந்துபோனார்கள்.

இரண்டு வருடம் கழித்து நெஞ்சுச் சளி அவரைக் கொண்டுபோயிற்று. பெண்டாட்டி பிள்ளை இல்லாத மனிதர். யார் கொள்ளிக்குடம் தூக்குவது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே முத்தையா மொட்டை அடித்துக்கொண்டு ஈரவேட்டியோடு வந்து நின்றார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. தூறலில் குழிக்கரையைச் சுற்றி மூன்று முறை குடத்தைத் தூக்கி வந்தார்.

நான் அப்போது கண்டிக்கு மாற்றலாகியிருந்தேன். மரணச் செய்தி வந்த காலை லீவுக் கடிதத்தோடு போய் நின்றபோது பள்ளிக்கூட அதிபர் அதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்களுக்கு அண்ணன் இருந்தாரா? சொல்லவே இல்லையே."

"இருந்தார் சேர்" என்றேன்.