வெள்ளிக்குழி ஏரியும் பத்துக் கோரிக்கைகளும்

வெள்ளிக்குழி ஏரிக்குத் தனியாக, நடந்தே, யார் தயவும் இல்லாமல் போய்வருவது என்று தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றினேன். கூட்டம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்தது. என்னைத் தவிர வேறு உறுப்பினர் இல்லை. ஒருமனதுக்கு அதுதான் வசதி.

அருமனையிலிருந்து கிழக்கே பார்த்தால் ஒரு மலை தெரியும். அதற்குப் பின்னால் இன்னொரு மலை. அதன் தலையில், நாலாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது அந்த ஏரி. அடிவாரத்தில் வனத்துறை கேட். முப்பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால், ரப்பர் பால்வெட்டும் தொழிலாளிகள் இருநூறு பேரோடு, 'மலை மக்களுக்கே' என்று கோஷம் போட்டுக்கொண்டு அந்தக் கேட் வரை போனேன். கேட்டுக்கு இந்தப் பக்கமே பிடித்துவிட்டார்கள். பதினொரு நாள் சிறைச்சோறு. மலை மக்கள் கைக்கு வரவில்லை. நாளாக ஆக, மக்களுக்கும் மலைமேல் இருந்த ஆசை போய்விட்டது. எனக்கு மட்டும் போகவில்லை.

அன்று என்னைவிட உரக்கக் கோஷம் போட்ட ஜான்ரோஸ் இன்று குழித்துறையில் சுற்றுலா ஏஜென்சி நடத்துகிறான். வெள்ளிக்குழிக்கு ஒருநாள் மலையேற்றம். ஜீப், வழிகாட்டி, மதியச் சாப்பாடு, தொப்பி எல்லாம் சேர்த்துத் தலைக்கு இரண்டாயிரத்து நானூறு ரூபாய். மலை மக்களுக்கே, ஆனால் முன்பதிவு அவசியம். அந்த நோட்டீஸ் பத்திரிகைக்குள் மடிந்து என் வீட்டுக்கே வந்து விழுந்தது. என் ரத்தம் கொதித்தது. கொதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மூன்று வருடங்களுக்கு முன்னால் நெஞ்சுக்குள் ஒரு ஸ்டெண்ட் வைத்து அனுப்பியவர் அவர்.

பதிலுக்கு நானும் ஒரு நோட்டீஸ் எழுதினேன். எழுதிப் பழகிய கை. 'இருநூறு ரூபாயில் வெள்ளிக்குழி! அதிகாலை பஸ், சொந்தக் கால், கட்டுச்சோறு, கடைசி பஸ். தரகர் இல்லை. தொப்பியும் இல்லை.' பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன்.

பால் எடுக்க வந்த பகவதியம்மாள் நின்று வாசித்தாள். என் மனைவி. இந்த வீட்டில் முப்பது வருடம் நடந்த தொழிற்சங்க வகுப்புகளுக்கெல்லாம் சாயா போட்டவள். இப்போது தெருவில் பத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு மகளிர் குழு நடத்துகிறாள். மாங்காய் ஊறுகாய் போடுவதை இயக்கம் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

"தனியாவா போறீங்க?"

"தனியா."

"கல்யாணம் ஆன மாசம் ஒரு வார்த்தை சொன்னீங்க. ஞாபகம் உண்டா?"

உண்டு. சிறைக் கம்பிக்கு அந்தப் பக்கம் அழுதுகொண்டு நின்றவளிடம், வெளியே வந்ததும் உன்னை அந்த ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொன்னேன். வெளியே வந்தேன். அடுத்த போராட்டம் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது.

"உனக்க முட்டு தாங்காதுட்டி. ஏழு கிலோமீட்டர் ஏத்தம்" என்றேன். "நிதியும் ஒரு ஆளுக்குத்தான் ஒதுக்கியிருக்கு."

உண்மைக் காரணம் முட்டும் இல்லை, நிதியும் இல்லை. உங்களிடம் மட்டும் சொல்கிறேன். மறுபடியும் அந்தக் கேட்டில் தடுத்து என்னைத் திருப்பி அனுப்பினால், அதை அவள் பார்க்கக் கூடாது.

"செரி" என்றாள்.

ஒரு முதலாளி இவ்வளவு சீக்கிரம் 'செரி' சொல்லியிருந்தால் அப்போதே உஷாராகியிருப்பேன். மனைவி என்பதால் மதியத் தூக்கத்துக்குப் போனேன்.

எழுந்தபோது மேசையில் ஒரு காகிதம். மேலே அடிக்கோடிட்டு, 'கோரிக்கைகள்'. கீழே பத்து. வழிகாட்டி வேண்டும். ஜீப் வேண்டும். புது ஷூ வேண்டும். டாக்டரிடம் கேட்க வேண்டும். மணிக்கு ஒருமுறை போன் பண்ண வேண்டும். தன்னையும் கூட்டிப்போக வேண்டும். இப்படியே போயிற்று.

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நம் வீட்டிலும் விழிப்புணர்வு வந்துவிட்டதே. ஆனாலும் நிர்வாகத் தரப்பில் உட்கார்ந்த பிறகு இளகக் கூடாது. ஏழு கோரிக்கைகளை ஒவ்வொன்றாக அடித்தேன். அடிக்க அடிக்க அவள் முகம் வாடியது. கடைசியில் மூன்று சில்லறைக் கோரிக்கைகள் மிஞ்சின. அரைமணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் உட்கார வேண்டும். அவள் கட்டித் தரும் பையை ஏரிக்குப் போய்த்தான் திறக்க வேண்டும். வனத்துறைக்கு அவள் கொண்டுவரும் மனுவில் ஒரு கையெழுத்துப் போட வேண்டும்.

பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டேன். மறுநாள் மனு வந்தது. முதல் வரியில் கையெழுத்துப் போட்டுத் தள்ளினேன். நாற்பது வருடப் பழக்கம். மனுவை வாசிப்பது வாங்குகிறவன் வேலை. போடுகிறவனுக்குக் கையெழுத்துதான் வேலை.

குறித்த நாளில் முதல் பஸ்ஸில் ஏறினேன். பை ரப்பர் ஷீட் கட்டு மாதிரி கனத்தது. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கொஞ்சம் தாராளமாகவே வைத்திருக்கிறாள் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். பஸ் ஊரெல்லாம் சுற்றி அடிவாரத்தில் இறக்கிவிட்டது. கேட்டுக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர். ஒப்பந்தப்படி உட்கார்ந்து உட்கார்ந்து நடந்தேன். வழியில் பாட்டுப் போட்டுக்கொண்டு ஒரு வேன் என்னைத் தாண்டிப் போனது. சொகுசுப் பயணிகள். கொள்கைப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கேட்டில் பேசுவதற்கு மூன்று பக்க உரை தயாராக வைத்திருந்தேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டி, "நாற்பது ஆண்டுகளுக்கு முன்னால் இதே இடத்தில்" என்று தொடங்கினேன்.

காவலர் நோட்டைப் பார்த்தார். "முத்துநாயகம் சார்தானே? நீங்கதான் தலைவர். போங்க சார்."

கேட் திறந்தது. என் கண் நிறைந்தது. வரலாறு தாமதமாகத்தான் வரும், ஆனால் ஆள் பெயர் கேட்டு வரும். மீதி இரண்டே முக்கால் பக்க உரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

இன்னொரு மரியாதையும் காத்திருந்தது. நூறடி பின்னால் ஒருவன் வந்துகொண்டிருந்தான். நான் நின்றால் நின்றான். உட்கார்ந்தால் மரத்தடியில் ஒதுங்கினான். உளவுப் பிரிவு. பதினைந்து வருடமாக என் பின்னால் யாரும் வரவில்லை. அரசாங்கம் இன்னும் என்னை மறக்கவில்லை என்ற நினைப்பில் கடைசி இரண்டு கிலோமீட்டர் ஏற்றம் கால்வலியே இல்லாமல் கழிந்தது.

உச்சிக்கு வந்தேன். ஏரி.

அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது. நான் படித்த பிரசுரங்களில் ஏரி வந்ததில்லை. சுற்றிலும் புல்மேடு. நடுவில் வானம் இறங்கி உட்கார்ந்திருந்தது. கரையில் பதினொரு பெண்கள். சேலையை முழங்காலுக்குச் செருகி, ஏரி வெள்ளத்தில் கால் போட்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். பகவதியம்மாள்.

"வந்தியளா? தட்டு எங்க?"

என் முதுகிலிருந்த பையை அவளே இறக்கித் திறந்தாள். சில்வர் தட்டுகள். தம்ளர்கள். இரண்டு கரண்டி. ஒரு அரிவாள்மணை. சோறும் கறியும் வேனில் வந்து, பத்துப் பெண்கள் கையில் பகிர்ந்து ஏறியிருந்தன. கனமான சாமான்களை மட்டும் நான் சுமந்திருந்தேன். கூலியில்லா வேலையை எதிர்த்து ஆயுள் முழுவதும் பேசியவன்.

"ஏட்டி, இது சுரண்டல்" என்றேன். மூச்சு வாங்கியதால் கோஷம் மாதிரி வரவில்லை.

அவள் விளக்கினாள். தனி ஆட்களை அந்தக் கேட்டில் விடமாட்டார்கள். பத்துப் பேருக்குக் குறையாத குழு வேண்டும், பொறுப்பேற்க ஒரு தலைவர் வேண்டும். மனுவில் என் பெயரைத் தலைவராக எழுதியவள் அவள். உளவுப் பிரிவு என்று நான் நினைத்தவன், எபிசன் என்ற வழிகாட்டி. என் ஸ்டெண்டுக்குத் துணையாகப் பின்னால் வரச் சொன்னவளும் அவள்தான். அவன் அதற்குள் என் பக்கத்தில் உட்கார்ந்து அப்பளம் தின்றுகொண்டிருந்தான்.

"அப்ப பத்துக் கோரிக்கை?"

"நீங்கதானே வகுப்பெடுப்பீங்க. பத்துக் கேட்டா மூணு கிட்டும், அந்த மூணு எதுன்னு நமக்கு முதல்லயே தெரிஞ்சிருக்கணும்னு. சாயா கொண்டு வரும்போ கேட்டுட்டு நிப்பேன்."

என் மாணவர்களில் தேறியது ஒரே ஆள். அதுவும் பெயர் பதிவு செய்யாத ஆள்.

தட்டுகளை எண்ணினேன். பன்னிரண்டு. என்னையும் சேர்த்திருந்தாள். இவள் இல்லையென்றால் மூன்று பக்க உரையோடு இன்றும் அந்தக் கேட்டுக்கு இந்தப் பக்கம்தான் நின்றிருப்பேன். நன்றி என்ற சொல்லைக் கூட்ட முடிவில் மைக்கில்தான் சொல்லிப் பழக்கம். மைக் இல்லாமல் வரவில்லை. பக்கத்தில் போய் நானும் வெள்ளத்தில் கால் போட்டேன்.

"கூட்டிட்டு வாறேன்னு சொன்னேன்" என்றேன்.

"சொன்னீங்க. யாரு கூட்டிட்டு வந்தா என்ன, வந்தாச்சுல்லா" என்று மீன்கறியின் நடுத்துண்டை என் தட்டில் வைத்தாள்.

சாப்பிட்டு முடிந்தது. தட்டுகளைக் கழுவி மறுபடியும் என் பையில் அடுக்கினார்கள். கனம் ஒரு கிராம் குறையவில்லை. நான் பாறையில் உட்கார்ந்துவிட்டேன். உரையின் பின்பக்கத்தில் பத்துக் கோரிக்கைகள் எழுதிக் கொடுத்தேன். பெண்கள் கூடிப் பேசினார்கள். பகவதியம்மாள் ஏழு கோரிக்கைகளை அடித்துவிட்டு மூன்றை ஏற்றுத் தாளை நீட்டினாள். வெற்றி. முதல் வரியில் கையெழுத்துப் போட்டேன்.

வேனில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வாசித்தேன். ஒன்று, கேட்டில் பாலில்லாத கட்டஞ்சாயா. இரண்டு, திரும்பும்போது வேனில் இடம். மூன்று, அடுத்த வருடமும் தலைவரும் தட்டுப் பையும் நானே.

மூன்றாவதை நான் எழுதவே இல்லை.