நாற்பத்தேழாம் பக்கத்து வாத்து

மதிப்பிற்குரிய சகலை அவர்களுக்கு,

பத்தொன்பது வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தாயிற்று, போதும். இங்கே நான், என் மனைவி, மகள் மூவரும் சுகம், என் இடது தோள்பட்டை நீங்கலாக. அங்கே நீங்களும் என் கொழுந்தியாளும் சுகமாகத்தான் இருப்பீர்கள். எப்போது இல்லாமல் இருந்தீர்கள்?

நம் அலுமினிய ஆலையின் ஐம்பதாண்டு வரலாற்றை நீங்கள் எழுதி, அது வழவழப்பான தாளில் அச்சாகி, சென்ற வெள்ளிக்கிழமை கேண்டீனில் ஆளுக்கொன்றாகக் கொடுக்கப்பட்டது. நானும் வரிசையில் நின்று வாங்கினேன். மக்கள் தொடர்பு அதிகாரி என்ற முறையில் நீங்கள் மேடையில் உட்கார்ந்திருந்தீர்கள். என்னைப் பார்த்துக் கையசைத்தீர்கள். எனக்குப் பின்னால் யாரோ பெரிய மனிதர் நிற்கிறார் என்று நினைத்து நான் திரும்பிப் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் மகள் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு, "அப்பா, நீங்க எந்தப் பக்கத்துல வர்றீங்க?" என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம். வேதியியலில் முதல் வகுப்பில் தேறி, ஆலையின் ஆய்வகத்தில் இருபத்தெட்டு வருடமாக உலோகத்தின் தூய்மையைச் சோதித்துச் சொல்பவன் அவள் அப்பன். தட்டச்சு செய்ய வந்தவர் அவள் சித்தப்பாவான நீங்கள். தேடினோம். முன்னும் பின்னும் இரண்டு தடவை புரட்டினோம். கடைசியில் இருபத்துமூன்றாம் பக்கத்துக் குழுப் படத்தின் வலது ஓரத்தில் ஒரு முழங்கை கிடைத்தது. "இது நீங்கதான். அந்தச் சட்டையில முழங்கை கிழிஞ்சு நான்தான் ஒட்டுப் போட்டேன்," என்றாள் மனைவி. மகள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டாள். எதையாவது சொல்லியிருக்கலாம்.

எனக்கு ஐம்பத்துமூன்று ஆகிறது. அடுத்த வரலாறு நூறாவது ஆண்டில்தான் வரும். அதற்காகக் காத்திருக்கிற உடம்பு இதில்லை. வெளியூர்க் கிளைகளுக்காக அடுத்த வாரம் மறுபதிப்பு அச்சுக்குப் போகிறது என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

உங்கள் முதல் அத்தியாயத்தையே எடுத்துக்கொள்வோம். ஆற்றங்கரையில் நிறுவனர் கைத்தடியை ஊன்றி, "இங்கேதான்" என்றாராம். நீர்மின் நிலையம் பக்கத்தில் இருந்தது, அலுமினியம் எடுக்க மின்சாரம் மலையளவு வேண்டும், அதனால் அங்கே கட்டினார்கள். கைத்தடிக்கு இதில் என்ன வேலை? அதற்கடுத்த பக்கத்தில், முதல் நாள் வார்த்த முதல் அலுமினியக் கட்டி நிலவுபோல மின்னியது என்றும், அது காலப்போக்கில் காணாமல் போய்விட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். சகலை, அது காணாமல் போகவில்லை. எங்கள் ஆய்வகக் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க அதைத்தான் முட்டுக் கொடுத்திருக்கிறோம். மின்னவும் இல்லை; நடுவில் என் கட்டை விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. இருபத்தெட்டு வருடமாக அதில் இடித்துக்கொள்ளாத நாளில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் காட்டியிருப்பேன். நீங்கள் கேட்கவில்லை, நான் காட்டவில்லை.

போகட்டும். நான் சொல்ல வந்தது நான்காம் அத்தியாயம், பத்தொன்பது வருடத்துக்கு முன் மின்சாரம் நின்ற நாள். நீங்கள் எழுதியிருப்பது இது: "அன்று முற்பகல் தொட்டிக்கூடத்தில் ஒரு குரல் எழுந்தது. அந்தக் குரல் ஆலையைக் காப்பாற்றியது." யாருடைய குரல் என்று எழுதவில்லை. என்ன ஒரு அடக்கம்! அன்றைக்குக் கையில் ஒலிபெருக்கி வைத்திருந்தவர் யார் என்பது ஆலையில் எல்லோருக்கும் தெரியும், பார்வையாளர் குழுவுக்கு ஆலையைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்த நீங்கள். படிக்கிறவர்கள் தாங்களாகவே கூட்டிக் கழித்துக்கொள்வார்கள். நேற்று கேண்டீன்காரர்கூட, "உங்க சகலையோட ஒரு சத்தம், நூத்தறுபது தொட்டியும் தப்பிச்சுது," என்று என்னிடமே சொல்லி எனக்கே டீயை நீட்டுகிறார். அதைக் குடித்தேன், என்ன செய்வது.

நடந்ததை நான் சொல்கிறேன், மறுத்துச் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். நூற்றறுபது தொட்டிகளிலும் அலுமினியம் உருகிக் கிடக்கும். ஒரே மின்னோட்டம் ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு என்று எல்லாவற்றின் வழியாகவும் ஓடும். கூடத்தில் அந்த மின்னோட்டம் உண்டாக்கும் காந்தப் புலத்தில் கைக்கடிகாரம் நின்றுவிடும் என்பதால், உள்ளே போகிறவர்கள் வாசலில் உள்ள மரப்பெட்டியில் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும். எழுதப்படிக்கத் தெரியாதவர்கூட அதைச் செய்வார். அன்று உலோக மாதிரி எடுக்க நான் கரண்டியோடு வந்து பெட்டியைத் திறந்தேன். உள்ளே உங்கள் கடிகாரம். நம் மாமனார் உங்கள் கல்யாணத்துக்குப் போட்டது: தங்க முலாம், தேதி காட்டும், கிழமையும் காட்டும். மூத்த மாப்பிள்ளையான எனக்கு அதே மாமனார் போட்டது மணி மட்டும் காட்டும், அதுவும் அதற்கு மனம் வந்தால். மூன்று வருட இடைவெளியில் அந்த மனிதருக்கு என்ன ஞானோதயமோ. உங்கள் கடிகாரத்தின் பக்கத்தில் என் கடிகாரத்தை வைத்தால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? வைக்கவில்லை. கட்டிக்கொண்டே உள்ளே போனேன். எதிர்பார்த்தபடி அது நின்றது.

எண்பத்தோராம் தொட்டியின் பக்கத்தில் குனிந்தபோது மணிக்கட்டில் டிக் டிக் என்றது. பார்த்தேன், கடிகாரம் ஓடுகிறது. சுவரிலிருந்த மீட்டரின் முள் வழக்கமான இடத்திலேயே நிற்கிறது, அதில் தூசி படிந்து சிக்கிக்கொண்டதைப் பிறகுதான் கண்டார்கள். விளக்கும் விசிறியும் வேறு இணைப்பு, எரிகிறது, சுற்றுகிறது. துணைமின் நிலையத்துக்காரர் தொலைபேசி எங்கேஜ்டாக இருக்கிறதென்று பன்னிரண்டு நிமிடம் முயன்றுகொண்டிருந்தாராம். ஆகவே அந்த நேரத்தில், தொட்டிகளுக்கு மின்சாரம் நின்றுவிட்டது என்று கூடத்தில் தெரிந்த ஒரே ஆள் நான். நாலு மணி நேரம் அப்படியே போனால் உலோகம் உறைந்து பாறையாகும், உடைத்தெடுக்க மாதக்கணக்காகும். உங்களிடம்தான் ஓடி வந்தேன். பார்வையாளர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, "கடிகாரம் ஓடுது!" என்றேன். நீங்கள் என் தோளைத் தட்டி, அதே இடது தோள், என்ன சொன்னீர்கள்?

"ஓடினா நல்லதுதானே அண்ணா. ரிப்பேர்னு சொல்லிட்டிருந்தீங்க."

"ஓடக் கூடாதய்யா!" என்றேன் நான். அப்புறம்தான் உங்களுக்கு உறைத்தது. ஒலிபெருக்கியில் கத்தினீர்கள். ஆட்கள் ஓடி வந்து தொட்டிகளின் மேல் அலுமினாப் பொடியைக் குவித்துச் சூட்டைக் காத்தார்கள். மின்சாரம் திரும்பியபோது பதினொரு தொட்டிதான் உறைந்திருந்தது, மீதி பிழைத்தது. கத்தியது நீங்கள், ஒப்புக்கொள்கிறேன். கண்டது யார்? மறு வருடம் உங்களுக்குப் பதவி உயர்வு, போர்ட்டிகோ வைத்த குவார்ட்டர்ஸ். எனக்கு, கடிகாரம் கட்டிக்கொண்டு கூடத்துக்குள் போனதற்காக ஒரு எச்சரிக்கைக் குறிப்பு. அது இன்றும் என் கோப்பில் இருக்கிறது.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். அந்த நாற்பத்தேழாம் பக்கம் இருக்கிறதே, மின்சாரம் நின்ற கதை முடிகிற இடம், அதில் பாதிப் பக்கத்துக்கு என்ன போட்டிருக்கிறீர்கள்? விருந்தினர் மாளிகைக் குளத்து வாத்து. கலரில். அந்த வாத்து இந்த ஆலைக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. எந்த உலோகத்தைச் சோதித்தது? அதற்கு முழு உடம்பு, எனக்கு முழங்கை. வெள்ளிக்கிழமையிலிருந்து அந்தக் குளத்துப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு ஆய்வகத்துக்குப் போகிறேன். மறுபதிப்பில் வாத்தை எடுங்கள், அந்த இடத்தில் நடந்ததை உள்ளபடி போடுங்கள். இது வேண்டுகோள் அல்ல. என் மகள் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

கொழுந்தியாளுக்கு அவள் அக்காவின் அன்பும், பிள்ளைகளுக்குப் பெரியப்பாவின் ஆசியும். எல்லாப் பரீட்சையிலும் தேறட்டும், சொந்தக் கண்ணால் கண்டதைச் சொந்தப் பெயரில் சொல்லும் நிலைக்கு வரட்டும். வயதில் இளையவரான உங்களுக்கும் என் ஆசி உண்டு, அளவோடு.

இப்படிக்கு,

பின்குறிப்பு: கையெழுத்துப் போடுவதற்கு முன் கடிதத்தை மனைவியிடம் படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "போன வருஷம் தங்கச்சி இந்தப் புத்தகத்தோட காகிதக் கட்டைக் கொண்டுவந்து குடுத்தாளே, அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி நீங்க பார்த்துக் குடுக்கணும்னு. அதைப் பிரிச்சீங்களா?" என்றாள். நீங்கள் எழுதியதை நான் உட்கார்ந்து திருத்துவதா என்ற கடுப்பில், மேலே செருகியிருந்த படிவத்தில் மட்டும் கையெழுத்திட்டுக் கொடுத்தனுப்பியது நினைவுக்கு வந்தது. கட்டு இந்த மேஜையின் ஆடுகிற காலுக்கடியில் இருந்தது. அவள் அதை உருவினாள். இந்த வரிகள் கோணலாகப் போவது அதனால்தான். நாற்பத்தேழாம் பக்கத்தில் பாதி காலியாக இருக்கிறது. பென்சிலில் உங்கள் எழுத்து: "அண்ணா, இந்த அரைப் பக்கம் உங்களுக்கு. கடிகாரக் கதைய நீங்களே எழுதிக் குடுங்க. நான் எழுதினா நான் கண்டுபிடிச்ச மாதிரி ஆயிடும். வேண்டாம்னா சும்மா விட்டுடுங்க, ஏதாவது படம் போட்டு நிரப்பிக்கிறேன்."

"என்ன செய்யப் போறீங்க?" என்றாள். ஐந்து பக்கம் எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை. அரைப் பக்கத்துக்கான கதையைத் தனியே எழுதி, மகளிடம் காட்டிவிட்டு, நாளைக்கே அனுப்புகிறேன். வாத்தை முழுதாக எடுக்க வேண்டாம், கொஞ்சம் சிறிதாக்கினால் போதும். ஆனால் இந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதாக இல்லை. "முழுவதும் படித்தேன், பிழை எதுவும் இல்லை, இப்படியே அச்சிடலாம்" என்பதற்குக் கீழே நான் போட்ட கையெழுத்து உங்கள் மேஜையில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பீர்கள். ஆகவே பெயரில்லாமல் தபாலில் சேர்க்கிறேன். எழுதியது யாரென்று கண்டுபிடிக்க முயல வேண்டாம்.