டப்பா சூப்பும் மச்சானின் தீர்ப்பும்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கு நானும் உங்கள் தங்கையும் நலம். உங்கள் நலம் அறிய ஆவல் என்று எழுதத்தான் கை போகிறது; கோபமாக இருப்பதால் எழுதவில்லை. முழங்கால் வலி எப்படியிருக்கிறது என்பது மட்டும் உங்கள் தங்கை கேட்கச் சொன்னது.

போன மாதம் எங்கள் வீட்டில் சாப்பிடும்போது, டப்பா தக்காளி சூப்பில் பழைய ருசி இல்லை, கம்பெனிக்காரன் எதையோ மாற்றிவிட்டான் என்று நான் சொல்ல, "டப்பா மாறல மாப்ள, உன் நாக்குதான் மாறிடுச்சு, வயசாயிடுச்சில்ல" என்று நீங்கள் சொல்ல, நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துகொள்ள, நீங்கள் குடையைக்கூட மறந்துவிட்டுக் கிளம்பிப்போனீர்கள். அச்சகத்தில் வேலை பார்த்த காலத்தில், அதன் மாடி அறையில், ஒரே ஸ்டவ்வில் தினமும் உங்களோடு அந்தச் சூப்பைக் குடித்த நாக்கு இது. அதைப் போய்ச் சொன்னால் எனக்கு எப்படியிருக்கும்?

ஆகவே நிரூபித்துவிடுவது என்று கடைகடையாக ஏறி இறங்கி, சாதாரணம், உப்புக் குறைத்தது, கிரீம் கலந்தது, 'அதே பழைய சுவை' என்று தானே சொல்லிக்கொள்வது எல்லாம் வாங்கிவந்தேன். தூசியாக இருக்கிறதே என்று வெந்நீரில் போட்டேன். லேபிள்கள் கழன்று மிதந்தன. எது எதுவென்று இனி கடவுளுக்கே வெளிச்சம். சரி, நாக்கு சொல்லும் என்று, டப்பாவில் போட்டிருந்த அளவுப்படி தண்ணீர் சேர்த்து, கண்ணை மூடிக் குடித்தேன். ஆவி முகத்தில் பட்டதும் நம் அறை வந்துவிட்டது. சன்னலில் நம் சட்டைகள் மெதுவாக ஆடுகின்றன, கீழே மெஷின் தாலாட்டுகிற மாதிரி ஓடுகிறது, நீங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு கிண்டுகிறீர்கள். அப்போது நீங்கள் மச்சான்கூட ஆகவில்லை. கூப்பிட்டால் திரும்பவே மாட்டேன் என்கிறீர்கள். மறுபடி கூப்பிட வாயைத் திறந்தபோது கரண்டி மூக்கில் இடித்தது.

"என்னங்க, சூப்பு குடிக்கிறீங்களா, தவம் பண்றீங்களா?" என்றாள் உங்கள் தங்கை.

திறந்த எதிலும் அந்த ருசி இல்லை. எல்லாமே கெட்டியாக, கர்வமாக இருந்தன. ஆகவே டப்பாதான் மாறியிருக்கிறது. நீங்கள் மன்னிப்புக் கேட்கும்வரை எங்கள் வீட்டுப் படி ஏற வேண்டாம். ஆனா மச்சான், நீங்க இல்லாம ஞாயித்துக்கிழமை நகரவே மாட்டேங்குது.

உங்கள் வீட்டம்மாவுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். உங்களுக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
நாக்கு மாறாத மாப்பிள்ளை

பின்குறிப்பு: மேலே எழுதியதை விட்டுத் தள்ளுங்கள். உறையை ஒட்டப்போகும் நேரத்தில் உங்கள் தங்கை திறக்காமல் மிஞ்சியிருந்த கடைசி டப்பாவைச் சூடாக்கிக் கொண்டுவந்தாள். ஒரு வாய் குடித்தேன். அதேதான், மச்சான்.

"என்ன போட்ட?"

"ஒண்ணும் போடல. அண்ணனும் வந்தா பத்தணுமேன்னு தண்ணிய மட்டும் கொஞ்சம் அதிகமா ஊத்திட்டேன்."

அப்போதுதான் உறைத்தது. சம்பளம் பற்றாத காலத்தில் ஒரு டப்பாவுக்குத் தண்ணீர் ஊற்றி ஊற்றி இரண்டு பேரும் குடித்தோமே. டப்பாவும் மாறவில்லை, நாக்கும் மாறவில்லை. வசதி வந்து ஆளுக்கொரு டப்பா திறந்ததுதான் கோளாறு. உங்கள் பங்கை ஃபிளாஸ்க்கில் ஊற்றியாயிற்று. தபால் வர நாளாகும் என்பதால் கடிதத்தை உங்கள் வீட்டுக் கதவிடுக்கில் நானே தள்ளுகிறேன். குடையோடு வாசலில்தான் நிற்கிறேன். முழங்காலைப் பார்த்து, மெதுவாகவே வந்து திறங்கள்.