பின்கால் இல்லாத நாற்காலியில் சம்பந்தி

பூந்தமல்லி,
பகுதானிய வருஷம், தை மாதம்.

மகாராஜராஜஸ்ரீ மைத்துனர் மணவாளன் அவர்கள் சமுகத்துக்கு, தங்கள் தங்கை புருஷன் பரந்தாமன் அநேக நமஸ்காரம். இவ்விடம் மாடு கன்றுகள் சௌக்கியம். என் சௌக்கியத்தை விசாரிக்க வேண்டாம். நேற்றிலிருந்து வீதியில் தலைகாட்ட முடியவில்லை.

நம் பெண் வசந்தாவைத் தம் மகனுக்கு எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த வெள்ளானூர் லோகநாதர் நேற்று வந்தார். வெற்றிலை கொடுத்து, சாப்பாடு போட்டு அனுப்பியிருக்கலாம். எனக்குத்தான் பெருமை பிடித்து ஆட்டியது. குமணன்சாவடி வக்கீல் பங்களாவில் வக்கீலின் மகள் நாட்டியம் ஆடுகிறாள், சீமையில் படித்த பெண், வக்கீல் எனக்கு ரொம்ப வேண்டியவர் என்று அளந்து அழைத்துப்போனேன். அங்கே எல்லாரும் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். லோகநாதருக்கு முழங்கால் மடங்காது, நின்றுகொண்டே இருந்தார். மேடையிலோ இரும்புக் குழாயை வளைத்துச் செய்த பளபளப்பான நாற்காலிகள் இரண்டு, கண்ணாடி மேஜை ஒன்று, ஆளுயர விளக்கு ஒன்று. அந்தப் பெண் நாற்காலியைச் சுற்றிச் சுற்றி ஆடினாளே தவிர உட்காரக் காணோம். கடைசியில் எங்கள் பக்கம் பார்த்து, காலி நாற்காலியை நோக்கி இரண்டு கையையும் நீட்டினாள். பெரிய மனுஷர் நிற்கும்போது அப்படிக் கை நீட்டினால் நம் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம், நீங்களே சொல்லுங்கள். நான் அவரைக் கைத்தாங்கலாக மேடையேற்றி உட்காரவைத்துவிட்டேன்.

அந்த நாற்காலிக்குப் பின்கால் இல்ல மச்சான். முன்னாடியிருந்து பார்த்ததுல தெரியல. அவர் குந்தினதும் அது அமுங்குது, எழும்புது. "இன்னாங்க இது, பின்னால காலக் காணமே"ன்னு கைப்பிடியைக் கெட்டியாப் பிடிச்சுகினு அவர் மேலயும் கீழயும் போறாரு, மிருதங்கக்காரன் அதுக்கும் தாளம் போடறான், அந்தப் பொண்ணு நிறுத்தாம அவரைச் சுத்தி ஆடுது. தலைப்பாகை கழண்டு விழுந்துச்சு. அதை எடுத்து விளக்குத் தலையில மாட்டிட்டா. ஜனங்க கை தட்டுது. அவரோட வழுக்கையை ஊரே பார்த்துச்சு.

"சொல்லி அனுப்புறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, சாப்பிடாமலே வண்டி ஏறிவிட்டார். "குந்தவெக்க நம்ம ஊட்ல ஒரு நாற்காலி இல்லியா?" என்று கேட்ட உங்கள் தங்கை பொன்னம்மாள் எனக்கும் இலை போடாமல் போய்ப் படுத்துவிட்டாள். வசந்தாவுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாயிருக்கிறது. நீங்கள் வெள்ளானூர் போய், எனக்காக அவர் காலில் விழுந்தாவது சமாதானம் செய்ய வேண்டும்.

அக்காவுக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். என் ஆசீர்வாதம் பலிக்கும் என்றால் மட்டும் சொல்லவும்.

இப்படிக்கு,
தலைகுனிந்த பரந்தாமன்

பின்குறிப்பு: மேலே எழுதியதை மறந்துவிடவும். லோகநாதரின் ஆள் முனியன் இப்போதுதான் வந்து போனான். "பொண்ணு எங்களுக்குத்தான்னு ஐயா சொல்லச் சொன்னாரு. ஆனா முகூர்த்தத்தக் கொஞ்சம் தள்ளி வெக்கணுமாம். வக்கீலு மக மெட்ராசுல ஆடப்போவுதாம், ஐயாவ நாற்காலில குந்தக் கூப்ட்டுகீது. ஜனங்க கை தட்டினதுல ஐயாவுக்கு ஒரே குஷி" என்றான். இரண்டாவது நாற்காலியில் நான் உட்கார வேண்டுமாம், அதற்கு ஒப்புக்கொண்டால்தான் கல்யாணமாம். ஒப்புக்கொண்டுவிட்டேன். ஆகையால் வெள்ளானூர் போகாமல், உங்கள் பெரிய தலைப்பாகையோடு நேரே இங்கே வரவும். என்னுடையது சின்னது, லேசில் கழன்று விழாது.