சின்ன முதலாளிக்கு யாண்டு ஒன்பது

ஜெயித்த ராஜாக்களுக்குச் சிலை உண்டு, விழா உண்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் பெயர் வைப்பதுண்டு. தோற்றுப்போன ராஜாக்களுக்காக, அதுவும் செத்து எழுநூற்றுச் சொச்சம் வருஷமான ராஜாக்களுக்காக, கண்ணில் தண்ணீர் விட்ட மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் கும்மிடிப்பூண்டியில் எங்கள் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக இருந்தார்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. டைம் ஆபீஸில் கிளார்க்காக இருந்தவன் நான். நானே தெரிந்துவைத்துக்கொள்ளவில்லை என்றால் மற்றவர்களைச் சொல்லி என்ன பிரயோஜனம்? எல்லாருக்கும் அவர் மூணாம் ராஜராஜன். தஞ்சாவூரில் பெரிய கோயில் கட்டினவர் முதலாம் ராஜராஜன். அவரைப் பற்றி நம்மாளிடம் பேச்செடுத்தால், "அவருக்கு இன்னா கொறச்சலு?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். இவருடைய ஆள் அதே பெயரில் இருநூறு வருஷம் கழித்து வந்த கடைசிக் காலத்துச் சோழர். தனக்குக் கீழே இருந்த சிற்றரசனிடமே பிடிபட்டு, சேந்தமங்கலத்தில் சிறை கிடந்தவர். ஹொய்சள ராஜா படையோடு வந்துதான் அவரை மீட்டார்.

வாலிப வயதில் நம்மாள், திருவள்ளூர்ப் பக்கத்துக் கோயில்களில் கல்வெட்டுப் படியெடுக்க வந்தவர்களோடு கூலிக்குப் போயிருக்கிறார். சுவரைத் தேய்த்துக் கழுவுவது, ஈரக் காகிதத்தை ஒட்டி பிரஷால் தட்டுவது, மசி ஒற்றுவது. நாலு மாச வேலை. அவர்கள் வாய்விட்டுப் படித்ததைக் கேட்டுக் கேட்டு அத்தனையும் மண்டையில் ஏறிவிட்டது. அப்புறம் இறங்கவே இல்லை.

இதனால் கேட்டில் தினம் ஒரு பேஜார். ஒரு தடவை பழைய இரும்பு ஏற்றிக்கொண்டு லாரி ஒன்று வந்து நின்றது.

"வண்டி எந்த ஊரு?"

"நெல்லூரு நைனா. சீக்கிரம் கேட்டத் தொற."

"நெல்லூரா? எங்க ராசா காலத்துல காஞ்சிபுரத்த வந்து புடிச்சிக்கினது உங்க ஆளுங்கதானே?"

"நான் இல்ல நைனா!" என்று டிரைவர் பதறிப்போய் இறங்கினார். பெண்டாட்டிக்குப் புடவை எடுக்கக்கூடக் காஞ்சிபுரம் பக்கம் போனதில்லை என்று சத்தியம் செய்தார். நான் ஓடிப்போய்ச் சமாதானம் பேசி கேட்டைத் திறக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

பீகாரிலிருந்து வேலைக்கு வந்த பையன்களையும் விட்டுவைக்கவில்லை. பாஸ் எழுதும்போதே பாடம் ஆரம்பமாகிவிடும். "ராஜா. ஜெயில். சம்ஜா?" முதலாளியைப் போலீஸ் பிடித்துவிட்டது என்று நினைத்து, நாலு பேர் பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடையைக் கட்டினார்கள். அவர்களை டிக்கெட் கவுண்ட்டரிலிருந்து திருப்பிக் கூட்டிவந்த புண்ணியவானும் நான்தான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கூத்து அவருடைய கேட் நோட்டு. பெர்மனென்ட் ஆட்களுக்கு விரல் வைக்கிற மெஷின் இருந்தது. கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அந்த நோட்டுதான். பெயர், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் எல்லாம் முத்து முத்தாக எழுதியிருப்பார். தேதி மட்டும் இருக்காது. தேதி இருக்க வேண்டிய இடத்தில், 'சின்ன முதலாளிக்கு யாண்டு எட்டு, நாள் நாற்பது' என்று இருக்கும். பழைய கல்வெட்டில் அப்படித்தானாம். இன்ன ராஜா பட்டத்துக்கு வந்து இத்தனையாவது வருஷம், இத்தனையாவது நாள்.

"இன்னாண்ணா இது? தேதி போடக் கூடாதா?" என்று கேட்டேன்.

"சார், ராசா செறையில கெடக்குறாரு. அப்பக்கூட எவனோ ஒர்த்தன் கோயில் வெளக்குக்கு ஆடு குடுத்தா, அவரு பேருலதான் வருசம் வெட்டுறான். மத்த எல்லாம் கைய வுட்டுப் போச்சு சார். அது ஒண்ணுதான் மிச்சம்" என்றார். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு வந்து ஆபீஸில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தேன்.

எங்கள் கம்பெனி இரும்புக் கம்பி உருட்டுகிற மில். தாத்தா ஆரம்பித்தார், அப்பா பெருக்கினார், சின்ன முதலாளி காலத்தில் உலை வாரத்தில் மூன்று நாள்தான் எரிந்தது. நல்ல மனுஷன், பாவம். அவர் சொல்வதை மேனேஜர்கள் ஒருவரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. மாதம் ஒரு முறை வருவார். கார்க் கண்ணாடியை இறக்கி, "சாப்டாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார். அந்த ஒரு வார்த்தைக்காக நம்மாள் அவருக்கு உயிரையும் கொடுப்பார். மில் மூடப்போகிறது என்று யாராவது சொன்னால் அன்றைக்கு அவருக்கு நாஷ்டா இறங்காது.

அப்படி இருக்கும்போதுதான் தேவராஜ் செத்தான். புதுவாயல் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த கான்ட்ராக்ட் ஆள். பகல் பதினொரு மணிக்கு, சிவக்கக் காய்ந்த கம்பி பாதையை விட்டு எகிறி நேரே அவன் மேல் பாய்ந்தது. அதற்கு மேல் என்னால் எழுத முடியாது.

மில் ஏற்கெனவே ஊசலாடிக்கொண்டிருந்தது. இது வெளியே தெரிந்தால் அன்றைக்கே இழுத்துப் பூட்டிவிடுவார்கள் என்று மேனேஜர் கணக்குப் போட்டார். உடலைக் கம்பெனி வேனில் வெளியே அனுப்பினார். தேவராஜ் அன்றைக்கு வேலைக்கே வரவில்லை, குடித்துவிட்டு ஹைவேயில் விழுந்து வண்டியில் அடிபட்டான் என்று கதை கட்டினார். என்னைக் கூப்பிட்டு, "ஷிப்ட் சீட்ட வேற எழுதிடுப்பா. அந்தப் பேரு இல்லாம" என்றார்.

எழுதினேன். கை நடுங்கியது, நெஞ்சு அடித்துக்கொண்டது என்றெல்லாம் சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை. அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

அடுத்து மேனேஜர் கேட்டுக்குப் போய் நோட்டை வாங்கிப் புரட்டினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். புரட்டப் புரட்ட யாண்டு, நாள், யாண்டு, நாள். "என்னய்யா இது, பஞ்சாங்கமா? ஒரு தேதிகூட இல்ல. இது எதுக்கும் உதவாது, நீயே வச்சிக்க" என்று மேஜைமேல் போட்டுவிட்டுப் போனார். நம்மாள் அதை எடுத்து டிராயரில் வைத்துப் பூட்டினார். அதற்கப்புறம் பத்து நாள் அவர் யாரிடமும் பேசவில்லை. லாரிகள் எல்லாம் வந்த வேகத்தில் உள்ளே போயின.

தேவராஜின் மனைவி ஸ்டெல்லா புகார் கொடுத்து, விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். கம்பெனி மீட்டிங் ரூமில் சின்ன முதலாளி, மேனேஜர், நான். நான் எழுதிய சீட்டு அதிகாரியின் கையில். கேட்டிலிருந்து கூப்பிட்டதால் நம்மாள் கதவோரம் நின்றார்.

ஸ்டெல்லா அழவில்லை. "சார், எனக்கு ஒண்ணும் வாணாம். குடிச்சிட்டு ரோட்ல உயுந்து செத்தாருனு ஊரே சொல்லுது. எம் பொண்ண இஸ்கூல்ல கேக்குறாங்க. அவரு வேலைக்குத்தான் வந்தாரு. அத்த மட்டும் எழுதிக் குடுங்க சார்" என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மூணாம் ராஜராஜன் சின்ன முதலாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன ஓடுகிறது என்று எனக்குப் புரிந்தது. இவர் வாயைத் திறந்தால் இவருடைய ராஜா காலி, மில்லும் காலி. நம்மாள் அப்படியே வெளியே போனார். தப்பித்துக்கொண்டார் என்று நினைத்தேன். நோட்டோடு திரும்பி வந்தார்.

"சின்ன மொதலாளிக்கு யாண்டு ஒம்போது, நாள் எரநூத்திப் பதினாலு" என்று நின்றபடியே வாசித்தார். "தேவராசு, புதுவாயலு. காலையில அஞ்சு அம்பது, உள்ள. வெளிய போன நேரம்..." என்று நிறுத்தி, அந்தக் கட்டத்தை விரலால் தொட்டுக் காட்டினார். "போவல சார்."

அதிகாரி நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எந்தத் தேதிய்யா இது?"

"மொதலாளி கேட்டுக்குள்ள மொத மொத வந்த நாள்லேந்து எண்ணணும் சார்."

மேனேஜர் சிரித்தே விட்டார். பிறகு சின்ன முதலாளியின் காதோரம் குனிந்து, "ஞாபகம் இல்லேன்னு சொல்லிடுங்க சார்" என்றார். எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

சின்ன முதலாளி நாற்காலியைப் பின்னால் தள்ளினார். எழுந்து நின்றார். "அப்பாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு மறுநாள் வந்தேன்" என்று சொல்லி, தேதியையும் மாதத்தையும் வருஷத்தையும் நிதானமாகச் சொன்னார். "எண்ணிப் பாருங்க" என்றார். ஒன்பது வருஷத்தில் அந்த மனுஷன் சொன்னதை எல்லாரும் கேட்டது அன்றைக்குத்தான்.

எண்ணுகிற வேலை எனக்கு வந்தது. செல்போன் காலண்டரைத் திறந்து மூன்று தடவை எண்ணினேன். மூன்று தடவையும் தேவராஜ் செத்த செவ்வாய்க்கிழமையில் வந்து நின்றது.

"அஞ்சு அம்பதா?" என்றாள் ஸ்டெல்லா. "ஊட்லேந்து அஞ்சேகாலுக்குக் கெளம்புனாரு. சரியாத்தான் கீது." அப்போதுதான் அழுதாள்.

அதிகாரி என் சீட்டைத் தூக்கிப் பிடித்தார். "அப்ப இத எழுதினது யாரு?"

நான் செல்போன் காலண்டரை நான்காவது தடவை எண்ண ஆரம்பித்தேன். மேனேஜர் ஜன்னலைப் பார்த்தார். கதவோரத்திலிருந்து ஓர் இருமல். "சார், அந்தம்மா மயக்கம் வர்றாப்புல கீறாங்க. தண்ணி குடுக்கணும்" என்றார் நம்மாள். தண்ணீர் வந்தது, விசிறினார்கள், அந்தக் கேள்வி அப்படியே போயிற்று. மேனேஜர்மேல் வழக்கு வந்தது. மூன்று மாதத்தில் மில்லை மூடினார்கள்.

கடைசி நாள் சாயங்காலம் டிபன் பாக்ஸோடு கேட்டுக்கு வந்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ராஜா போய்விட்டதால் நோட்டில் எதுவும் எழுதவில்லை.

"சார், அந்தச் சீட்டு உன் கையெழுத்துதான்னு எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார்.

"அப்புறம் ஏண்ணா சொல்லல?"

"இன்னாத்த சொல்றது? நீயும் நம்ம ராசா மாதிரிதான் சார். மாட்டிக்கினே. அவ்ளோதான்."

நான் அழுதேன். நடு ரோட்டில், ஷிப்ட் விட்டுப் போகிறவர்கள் எல்லாம் பார்க்க அழுதேன். அவர் என் டிபன் பாக்ஸை வாங்கிப் பிடித்துக்கொண்டு, நான் அழுது முடிக்கிறவரை பக்கத்தில் நின்றார்.

இப்போது அத்திப்பட்டுப் பக்கம் ஏதோ குடோனில் இருப்பதாகச் சொல்கிறார்கள். கூப்பிட்டுப் பேச நம்பர் கிடையாது, விசாரிக்கப் பெயர் கிடையாது. கேட் கேட்டாகப் போய்த் தேடித்தான் பார்க்க வேண்டும். போகத்தான் போகிறேன். போனால் என்னைச் சும்மா உள்ளே விட்டுவிடாமல், ஒன்றரை மணி நேரம் நிறுத்திவைத்துப் பேச வேண்டும்.