பழமை மாறாமல்

ஒரே ஒரு கடலை ஒட்டி, ஒரே ஒரு அதிபரால் ஆளப்பட்ட முத்துவெளி என்ற நாட்டின் கதை இது. அங்கே அழகான கட்டடமும் ஒன்றே ஒன்றுதான். ஒரு காலத்தில் அந்நாட்டை ஆண்ட பிரெஞ்சு துரைமார்கள் 1871இல் கட்டியது. வரிசையாகப் பதினாறு தூண்கள், இரண்டு ஆள் உயரத்துக்கு வளைவு சன்னல்கள், கடலைப் பார்த்த மாடம், முட்டை வெள்ளைக்கரு கலந்து இழைத்த சுண்ணாம்புச் சுவர். நகர மன்றத்தை அவர்கள் மொழியில் 'மேரி' என்பார்கள். ஊர்சனம் அதை மாதா கோயில் என்று நினைத்துக்கொண்டு, மனுவோடு மெழுகுவர்த்தியும் எடுத்துப்போனது. இரண்டுக்கும் ஒரே பலன்தான். துரைமார்கள் கப்பலேறி, தேர்தலில் வென்ற அதிபர்கள் வந்து உட்கார்ந்த பிறகும் இந்த வழக்கம் மாறவில்லை.

மீன் விற்கும் அஞ்சலாட்சியும் மெழுகுவர்த்தியோடுதான் போனாள். மேரிக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த வலைக்காரத் தெருவில் முதல் மூன்று வீடுகளைக் கடல் விழுங்கியிருந்தது. நான்காவது அவளுடையது. பத்து லாரி கருங்கல் கொட்டினால் வீடு பிழைக்கும். அவள் கேட்டது அவ்வளவுதான். ஆச்சரியமாக, கல்லும் வந்து இறங்கியது. அந்த வாரம் பார்த்து அடைமழை பிடித்து மேரியின் ஒரு மூலை சரிந்தது.

"இக்கட்டடம் பழமை மாறாமல் புதுப்பிக்கப்படும்!" என்று அதிபர் அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அஞ்சலாட்சியும் தட்டினாள். மறுநாள் அவள் தெருவுக்கு வந்த கல் மேரியின் அஸ்திவாரத்துக்குள் போய்விட்டது.

வேலையை மரபுச் செயலர் உலகளந்தாரிடம் ஒப்படைத்தார்கள். பிரெஞ்சு படித்தவர், சிரித்துப் பழக்கமில்லாதவர். துரைமார்கள் வரைந்த மூலப் படத்தை மேசைமேல் விரித்து, "இதில் இல்லாத எதுவும் இங்கே இருக்கலாகாது" என்றார். படத்தில் பெஞ்சு இல்லை. மனு கொடுக்க வந்தவர்கள் நின்றார்கள். தண்ணீர்க் குழாய் இல்லை, தாகத்தோடு நின்றார்கள். முன்வாசல் துரைமார்களுக்கு என்றும், சுதேசிகளுக்குப் பின்சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு துவாரம் என்றும் படத்தில் எழுதியிருந்தது. அஞ்சலாட்சி மண்டியிட்டு அதன் வழியே மனுவை நீட்டினாள்.

"இடுப்பு வுட்டுப்போச்சு சாமி. கல்லு எப்ப வரும்?"

"குனிந்து கொடுப்பதும் மரபுதான் அம்மா. பெருமைப்படுங்கள்" என்று உள்ளிருந்து உலகளந்தாரின் பதில் வந்தது.

படம் வரைந்த காலத்தில் சுதேசிகளுக்கு ஓட்டு இருந்ததில்லை என்பதையும் உலகளந்தார் கண்டுபிடித்துச் சொன்னார். அதிபர் மிகவும் வருந்தி, பழமைக்குத் தலைவணங்கி, தேர்தலை ரத்து செய்தார்.

கடைசியாக ஒன்று கண்ணில் பட்டது. படத்தில் மேரிக்கும் கடலுக்கும் நடுவில் வெறும் மணல்தான் இருந்தது. வலைக்காரத் தெருவைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டினார்கள். கடலிடமிருந்து வீட்டைக் காப்பாற்ற வந்தவளுக்கு இப்போது அரசாங்கத்திடமிருந்தும் காப்பாற்ற வேண்டியதாயிற்று. அஞ்சலாட்சி இந்த முறை மனுவை நீட்டவில்லை. துவாரத்தில் தலையையே நுழைத்துவிட்டாள்.

"ஏன் சாமி, இந்தப் படத்துக்கு முந்தின படம் ஏதும் இருக்குதா?"

பழமை என்றால் உலகளந்தாருக்கு ஆசை அதிகம். உடனே பெட்டியைக் கிளறி, பொடியாக உதிரும் ஒரு தாளை எடுத்து, மற்ற அதிகாரிகள் கேட்கக் கணீரென்று படித்தார்: "தற்போது மன்றம் அமையவிருக்கும் இடம்... மீனவர் குடியிருப்பு. எழுபத்திரண்டு குடிசைகள். அப்புறப்படுத்தப்பட வேண்டும்."

அதன் பிறகுதான் தான் என்ன படித்தோம் என்று அவருக்கு உறைத்தது.

"அப்ப மேரியத்தான சாமி காலி பண்ணணும்?" என்றாள் அஞ்சலாட்சி. பின்சுவருக்கு வெளியே கூட்டம் கைதட்டியது. அவளுக்கே ஒரு நிமிடம் வீடு மிஞ்சிவிடும் போலத் தோன்றியது.

அதிபர் அவசரக் கூட்டம் போட்டார். மாலையே ஆணை வந்தது: 'பழமை என்பது 1871 மார்ச் முதல் தேதி, காலை பத்து மணிக்குத் தொடங்குகிறது. அதற்கு முன் இருந்தது வெறும் காலம்.'

மூன்றே நாளில் வலைக்காரத் தெரு மணலாயிற்று. அஞ்சலாட்சி இடிந்த சுவரைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

திறப்பு விழாவுக்குக் கைதட்ட ஆள் வேண்டும் என்று எல்லோரையும் அழைத்து வந்து மணலில் நிறுத்தினார்கள். அதிபர் மாடத்துக்கு வந்து மார்பை நிமிர்த்தினார். கடலைப் பார்த்ததும் முகம் லேசாக மாறியது.

"என்ன செயலரே, அலை ரொம்பக் கிட்ட வந்த மாதிரி இருக்கே?"

உலகளந்தார் படத்தைப் புரட்டினார். கீழேயிருந்து அஞ்சலாட்சிதான் பதில் சொன்னாள்.

"இத்தினி நாளு அது எங்க வூடுங்களத் தின்னுக்கினு இருந்திச்சு சாமி. இப்ப நடுவுல யாரும் இல்ல."